பிராந்திய சுகாதார சேவையும் நிலைபேறான பயணமும்: மாணவர் செயற்றிட்டம் பற்றிய ஒரு மதிப்பீடு

மருத்துவம் என்பது மருத்துவனும் மருந்தும் மாத்திரம் அன்று என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மையாகும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்துரைக்கின்றது. இந்நான்கும் ஓரிடத்தில் ஒருங்குசேர்ந்தாலன்றி மருத்துவம் நிகழாது. ஒருங்குசேர வேண்டுமாயின் இவற்றுள் ஏதேனும் ஒன்று இடம்பெயர்ந்தே ஆகவேண்டும். நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லலாம். வைத்தியர் கிராமத்துக்கு வரலாம். மருந்து வண்டியேறி வரலாம். துணைபுரிபவர் தம் தொழிலை விட்டு உடன் செல்லலாம். ஆகவே சுகாதார சேவையின் வரலாறு ஒருவகையிற் பயணத்தின் வரலாறுமாகும். பயணத்தின் பாரத்தை யார் சுமப்பது என்பதே அவ்வரலாற்றின் உள்ளே கிடக்கும் வினா.

இவ்வினா இன்று புதியதொரு பெயரோடு கல்வியுலகிற் புகுந்துள்ளது. புவி வெப்பமுறுதலின் காரணங்களை ஆராய்வோர், நோய் தீர்க்கும் நிறுவனங்களும் தம் வாகனங்களாற் காற்றை மாசுபடுத்தி நோய்க்குக் காரணமாகின்றன எனச் சுட்டிக் காட்டுகின்றனர். காற்றுக்கும் நிலத்துக்கும் வருந்தலைமுறைக்கும் கேடு விளையாத வகையிற் போக்குவரத்தை அமைத்துக்கொள்ளுதலே நிலைபேறான பயணம் எனப்படுகின்றது. மேலைநாடுகளிலே மருத்துவம், புவியியல், முகாமைத்துவம் ஆகிய துறைகளைப் பயிலும் மாணவர்கள் பிராந்திய சுகாதார சேவை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் பயணங்களைக் கணக்கிட்டு, திருத்தங்களைப் பரிந்துரைக்கும் செயற்றிட்டங்களை மேற்கொள்ளுகின்றனர். இலங்கையில் மாவட்டந்தோறும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஒருவரின் கீழ் ஆரம்ப மருத்துவமும் நோய்த்தடுப்பும் நடைபெறுதலின், இத்தகைய செயற்றிட்டம் ஈழத்து மாணவர்க்கும் அந்நியமான பொருளன்று. எனவே அதனை எவ்வாறு செய்தல் தகும், எவ்வளவிற்கு நம்புதல் தகும் என ஆராய்தல் பயனுடையது.

இத்தகைய செயற்றிட்டத்தின் வழக்கமான வடிவம் யாவரும் எளிதில் ஊகிக்கத் தக்கதே. மாணவர் ஒரு வைத்தியசாலையை அல்லது பணிமனையைத் தெரிவுசெய்வர். அங்குள்ள வாகனங்களை எண்ணுவர். ஊழியர் எவ்வாறு வேலைக்கு வருகின்றனர் என வினாக்கொத்து மூலம் கேட்டறிவர். தூரத்தை எரிபொருளாகவும், எரிபொருளைக் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிக் கணக்கிடுவர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராமும், ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராமும் காபனீரொட்சைட்டு வெளிப்படும் என்பது அறியப்பட்ட கணக்காகும். இறுதியிலே துவிச்சக்கர வண்டியை ஊக்குவிக்க வேண்டும், பலர் ஒரே வாகனத்திற் பயணஞ் செய்ய வேண்டும், கூட்டங்களைக் காணொளி வாயிலாக நடாத்த வேண்டும், மின்வாகனங்களை வாங்க வேண்டும் என்பன பரிந்துரைகளாக அமையும்.

இவ்வடிவத்தின் நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. மாணவன் ஒருவன் சூழலைப் பற்றிப் பொதுப்படப் பேசுவதை விடுத்து, கண்ணெதிரே நிற்கும் ஒரு வாகனத்தின் ஓட்டப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் பார்க்கப் பழகுகின்றான். பெரிய தத்துவம் ஒன்று சிறிய எண்களாக மாறும்போதே அதன் மெய்யும் பொய்யும் வெளிப்படும். ஆயின் எண்ணுந் தொழிலில் எதனை எண்ணுவது என்பதே முதல் தீர்மானம். அத்தீர்மானம் பிழைப்பின், பின்வரும் கூட்டலும் பெருக்கலும் எத்துணைத் திருத்தமாயிருப்பினும் முடிவு பிழையாகவே முடியும். இச்செயற்றிட்டங்களின் குறைபாடு பெரும்பாலும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது.

இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுவனவற்றுள் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை தலையாயது. அந்நாட்டின் வீதிப் பயணங்கள் யாவற்றிலும் ஏறத்தாழ 3.5 சதவீதம், அதாவது ஆண்டொன்றுக்கு 950 கோடி மைல், அச்சேவையோடு தொடர்புடையது என அவ்வறிக்கை மதிப்பிடுகின்றது. சேவையினால் வெளிப்படும் மாசின் 14 சதவீதம் பயணத்தினால் விளைகின்றது. அதனைப் பகுத்து நோக்குமிடத்து நோயாளர் பயணம் 5 சதவீதமும், ஊழியர் வேலைக்கு வந்துபோதல் 4 சதவீதமும், அலுவற் பயணமும் சேவையின் சொந்த வாகனங்களும் 4 சதவீதமும், நோயாளரைப் பார்க்கவருவோர் பயணம் 1 சதவீதமும் ஆகின்றன. நோயாளர், பார்க்கவருவோர், ஊழியர், பொருள் வழங்குவோர் என்னும் நால்வரையும் அவ்வறிக்கை கருத்திற் கொண்டமை போற்றத்தக்கது. வள்ளுவர் வகுத்த நாற்கூறும், பெயர் சிறிது வேறுபடினும், இப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன எனலாம்.

எனினும் கணக்கெடுத்தலில் உள்ள விரிவு இலக்கு வகுத்தலில் இல்லை. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அச்சேவை வெளியிட்ட போக்குவரத்துத் திட்டத்திலே ஆண்டு குறித்துக் கூறப்படும் இலக்குகளுள் முதன்மை பெறுவன வாகனங்களும் ஊழியருமே. 2027 முதல் புதிதாகப் பெறும் வாகனங்கள், அம்புலன்ஸ் வண்டிகள் நீங்கலாக, புகையற்றனவாதல் வேண்டும். 2030 முதல் புதிய அம்புலன்ஸ் வண்டிகளும் அவ்வாறாதல் வேண்டும். 2033 அளவில் ஊழியர் பயணத்தின் மாசு பாதியாதல் வேண்டும் என்பன அவை. இதற்கு நியாயம் உண்டு. நிறுவனம் தன் வாகனத்தையே மாற்ற வல்லது. பிறர் வாகனத்தை மாற்றும் அதிகாரம் அதற்கில்லை. ஆயின் கணக்கின்படி தனிப்பெரும் பங்கு நோயாளியின் பயணமே என்பதையும் மறத்தலாகாது. நிறுவனத்தின் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே முதன்மையானது என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றுதற்கு இஃது இடந்தருகின்றது. மாணவர் செயற்றிட்டம் இவ்வெண்ணத்தை ஆராயாது ஏற்றுக்கொள்ளும்போது தீங்கு பெருகுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குக. ஒரு கிராமத்திலிருந்து வைத்தியசாலைக்குச் சென்று மீளும் தூரம் 30 கிலோமீற்றர் எனவும், மாதாந்தக் கிளினிக்குக்கு உரிய நோயாளர் 40 பேர் எனவும் கொள்க. வைத்தியரும் தாதியும் மாதம் ஒருமுறை டீசல் வண்டியில் அக்கிராமத்துக்குச் சென்றுவரின், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 3 லீற்றர் செலவாகும்; வெளிப்படும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 8 கிலோகிராம். வாகனச் செலவைக் குறைக்கும் பொருட்டு நிறுவனம் அக்கிளினிக்கை நிறுத்தி, நோயாளரை வைத்தியசாலைக்கு வரச் சொல்லுகின்றது எனக் கொள்வோமாயின், நிறுவனத்தின் ஏட்டில் 8 கிலோகிராம் மிச்சமாகும். ஆயின் நாற்பதின்மரும் தனித்தனி முச்சக்கர வண்டியில் வருவராயின் மொத்தத் தூரம் 1,200 கிலோமீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் வீதம் 48 லீற்றர் பெற்றோல் எரியும். வெளிப்படுவது ஏறத்தாழ 110 கிலோகிராம். இருவர் ஒரு வண்டியில் வரினும் 55 கிலோகிராம் ஆகும். எவ்வாறாயினும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ் வண்டியில் அனைவரும் வந்தாற் கூடுதலாக எரிவது மிகச் சிறிதே. ஆகவே எந்த வழி நல்லது என்பதை நோயாளர் எவ்வாறு வருகின்றனர் என்று கேட்டறியாமற் கூறவே இயலாது. நிறுவனத்தின் மதிலுக்குள் நின்று எண்ணும் மாணவனுக்கோ 8 கிலோகிராம் மாத்திரமே தெரியும். அதனை அவன் வெற்றியென எழுதிவிடுவான்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அந்நாற்பதின்மருள் பதின்மர் வராது விடுவர் எனக் கொள்க. ஒருவர் முதியவர், மற்றொருவர் நாட்கூலி பெறுபவர், வேறொருவருக்குத் துணைவர ஆளில்லை. இப்பதின்மரின் பயணம் கணக்கிற் சூனியமாகும். வராத நோயாளி புகை விடுவதில்லை. அவருடைய நீரிழிவு முற்றி, காலிற் புண் வைத்து, பின்னொருநாள் நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படும்வரை ஏடு அவரை ஒரு சிக்கனமாகவே காட்டும். காபனை மாத்திரம் அளக்கும் அளவுகோல் தவிர்க்கப்பட்ட பயணத்துக்கும் தடுக்கப்பட்ட பயணத்துக்கும் வேறுபாடு அறியாது. முன்னையது அருகிலே மருத்துவம் கிடைத்தமையால் வேண்டாதொழிந்த பயணம். பின்னையது மருத்துவமே கிடையாதொழிந்தமையால் நிகழாத பயணம். முன்னையது சேவையின் நிறைவு. பின்னையது சேவையின் தோல்வி. இவ்விரண்டையும் ஒரே பத்தியிற் பதியும் ஆய்வு, எண்களாற் செறிந்திருப்பினும், உண்மையை உணர்த்தாது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து மக்கள் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் ஏ9 வீதி மூடப்பட்டுப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட காலத்திலே குடாநாட்டில் எரிபொருள் அருமருந்தாயிற்று. மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலோடு மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியே குடும்ப வாகனமாகவும், சுமை வண்டியாகவும், நோயாளர் வண்டியாகவும் பயன்பட்டது. எரிந்த எரிபொருளை மாத்திரம் நோக்கின் அக்காலம் மிகச் சிறந்த சிக்கனத்தின் காலமாகத் தோன்றும். ஆயின் பிரசவ வேதனையுற்ற பெண்ணைத் துவிச்சக்கர வண்டியிற் கொண்டுசென்ற ஒரு சமுதாயம் அதனை நிலைபேறான பயணம் என ஒப்புக்கொள்ளுமா? வறுமையினாலும் தடையினாலும் குறைந்த புகையை அறிவினாலும் அமைப்பினாலும் குறைந்த புகையோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பெரும் பிழையாகும்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சமும் இதே பாடத்தை நாடு முழுவதற்கும் புகட்டியது. அவ்வாண்டு ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. சுகாதார சேவை அத்தியாவசியமானது என்பதில் ஐயமில்லை. ஆகவே ஊழியரின் பயணத்துக்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. ஆயின் நோயாளியின் முச்சக்கர வண்டி அத்தியாவசிய சேவையாக எண்ணப்படவில்லை. வைத்தியர் வந்துசேர்ந்தாலும் நோயாளி வந்துசேராவிடின் அவ்விடத்தில் மருத்துவம் இல்லை என்னும் உண்மையை ஆட்சியின் ஏடுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. மாணவர் ஏடும் அவ்வாறு மறக்கலாமோ என்பதே இங்கு எழும் வினா.

தவிர்க்கப்பட்ட பயணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இந்நாட்டு வரலாற்றிலேயே உள்ளன. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழ் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்து, பின்னர் அதனைத் தமிழ்மொழி வாயிலாகவே கற்பித்தார். அவரிடம் பயின்றோர் தத்தம் ஊர்களில் மருத்துவம் புரியலாயினர். 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் நிறுவப்பெற்ற முதற் சுகாதாரப் பிரிவு அக்கொள்கையை அரசாங்க அமைப்பாக்கியது. இன்று நாடெங்கும் 350 இற்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் நியமிக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிச் சென்று கருவுற்ற தாயையும் பிறந்த சேயையும் பார்த்துவருகின்றார். ஒருவர் துவிச்சக்கர வண்டியிலோ மோட்டார்ச் சைக்கிளிலோ செல்லும் அச்சிறு பயணம் பலருடைய பெரும் பயணத்தைத் தவிர்க்கின்றது. நிலைபேறான பயணம் என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்பே அச்செயல் இந்நாட்டில் வழக்கிலிருந்தது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டுத் தெல்லிப்பழையாகும். வடபகுதிப் புற்றுநோயாளர் சிகிச்சையின் பொருட்டு ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மகரகமைக்குச் செல்ல நேர்ந்த காலம் உண்டு. 2011 ஆம் ஆண்டிலே நாட்டின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபெற்ற நடைபவனியில் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிற் புற்றுநோய்ச் சிகிச்சைக் கட்டடம் அமைக்கப்பெற்று 2013 இல் திறந்து வைக்கப்பட்டது. கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் பல வாரங்கள் தொடர்ந்து நாள்தோறும் அளிக்கப்படுவது. மருந்துச் சிகிச்சையும் பலமுறை திரும்பத் திரும்ப அளிக்கப்படுவது. அவ்வாறாயின் நோயாளியும் துணைவரும் எத்தனை நெடும் பயணங்களினின்றும் விடுபட்டனர் என்பதை ஒரு மாணவன் கணக்கிடுவானாயின், அவனுடைய ஏட்டில் மின்வாகனங்கள் பலவற்றினால் விளையும் சிக்கனத்தினும் மிகுதியான சிக்கனம் பதிவாகக்கூடும். ஆயினும் அக்கட்டடத்தை எழுப்பியோர் காபனை நினைந்து எழுப்பினாரல்லர். நோயாளியின் துன்பத்தை நினைந்தே எழுப்பினர். நல்ல மருத்துவ அமைப்பிலே புகை குறைதல் தானே விளையும் பயனாகும்.

மருந்து பயணஞ் செய்து நோயாளியின் பயணத்தைத் தவிர்த்தலும் உண்டு. 2020 ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்திலே கிளினிக் நோயாளர்க்குரிய மாதாந்த மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. தபாற்காரர் எப்படியும் ஊர்தோறும் செல்பவராதலின் இதனாற் கூடிய பயணம் சிறிதே. எனினும் குருதியழுத்தத்தைத் தபாலில் அளந்துவிட முடியாது; மருந்து வீட்டுக்கு வந்தமையால் நோயாளியை ஒருவரும் பாராத மாதங்களும் கழியலாம். இங்கிலாந்திலும் வெளிநோயாளர் சந்திப்புகளில் மூன்றிலொரு பங்கு வரை நேரில் வராது நடைபெறச் செய்வதே 2019 ஆம் ஆண்டுத் திட்டத்தின் நோக்கமாயிருந்தது. தொலைபேசியிற் பேசித் தெளிவுபெறுவோருக்கு அது நன்மை. செவிப்புலன் குறைந்தோர்க்கும் தனித்திருக்கும் முதியோர்க்கும் அதுவே தடையாகவும் முடியலாம். ஒரே ஏற்பாடு ஒருவருக்குத் தவிர்க்கப்பட்ட பயணமாகவும் மற்றொருவருக்குத் தடுக்கப்பட்ட பயணமாகவும் அமைதல் இதனாற் புலனாகும்.

இக்கருத்துக்களை மனத்திற் கொண்டு யாழ்ப்பாண மாவட்டத்தை நோக்குவோர்க்கு ஆய்வுப் பொருள் குறைவில்லை. யாழ் நகரிலே போதனா வைத்தியசாலையும், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும், அவற்றின் கீழே பிரதேச வைத்தியசாலைகளும் உள்ளன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். தீவுவாசிக்குப் பயணம் என்பது தூரம் மாத்திரமன்று. படகு புறப்படும் நேரமும், காற்றின் போக்கும், மறுகரையில் நிற்கும் பஸ் வண்டியும் சேர்ந்ததே அவருடைய பயணம். வைத்தியரைக் காணுதற்கு அரைமணி நேரம் போதுமாயினும், கடைசிப் படகு போய்விடின் ஓர் இரவு கழியும். கிலோமீற்றரால் மாத்திரம் அளப்பவனுக்கு இத்தூரம் சிறிதாகவே தோன்றும்.

தரையிலுள்ளோருக்கும் வேறொரு சிக்கல் உண்டு. அருகில் வைத்தியசாலை இருப்பினும் அதனைக் கடந்து பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும் வழக்கம் நாடெங்கும் காணப்படுகின்றது. இதனை மக்களின் அறியாமை எனப் பழித்தல் எளிது. ஆயின் அருகிலுள்ள இடத்திற் பரிசோதனை வசதியோ, குறித்த மருந்தோ, நிபுணரோ இல்லாதபோது அவர்கள் செய்வது நியாயமான தெரிவே. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின்னர் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும், சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழும் நிர்வகிக்கப்படுதலின், ஓரிடத்தில் நேரும் குறைபாடு மற்றோரிடத்திற் கூட்டமாகத் திரளினும் இரண்டையும் ஒருங்கே நோக்கும் ஏடு அரிதாகின்றது. பிரதேச வைத்தியசாலை ஒன்றில் எளிய இரத்தப் பரிசோதனை நடைபெறச் செய்தல் பயணத் திருத்தமாகவே எண்ணப்படத் தக்கது. பரிந்துரைப் பட்டியலில் மின்வாகனத்துக்கு முன்னே அதற்கு இடமளித்தல் வேண்டும்.

இதனால் மின்வாகனமோ துவிச்சக்கர வண்டியோ வேண்டாவென்பது கருத்தன்று. சமதரையாகிய குடாநாட்டிலே துவிச்சக்கர வண்டி இயல்பான வாகனமே. மின்வாகனமும் நன்றே, ஆயின் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து உண்டாக்கும் மின்சாரமும் அதனுட் பாய்கின்றது என்பதைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மேலும் பயணம் யாவும் குறைய வேண்டியன அல்ல. மாரடைப்புற்றவரை விரைந்து கொண்டுசெல்லுதலே உயிர்காப்பதாகும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் விரிவாக்கம் பெற்ற 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வீதிப் பயணங்களைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. அக்கூடுதல் முன்னர் தடுக்கப்பட்டிருந்த பயணங்கள் திறக்கப்பட்டமையால் வந்தது. அதனைக் குற்றமாகக் காட்டும் கணக்கு எதுவாயினும் அக்கணக்கையே திருத்துதல் வேண்டும்.

ஆகவே இத்தகைய செயற்றிட்டத்தை மேற்கொள்ளும் மாணவர் வாகனத் தரிப்பிடத்திற் கணக்கைத் தொடங்காது கிளினிக் வாயிலிலே தொடங்குதல் நன்று. எங்கிருந்து வந்தீர், எதில் வந்தீர், யார் உடன்வந்தார், இன்றைய கூலி போயிற்றா, அருகிலுள்ள இடத்துக்கு ஏன் செல்லவில்லை என்னும் ஐந்து வினாக்கள் போதும். பெயர் கேளாமலும், உரிய அனுமதி பெற்றும், நோயாளியின் களைப்பை உணர்ந்தும் அவற்றைக் கேட்டல் வேண்டும். அதன்பின் கிளினிக் நேரத்தையும் பஸ், படகு நேரங்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும். கடிகாரத்தை அரைமணி நேரம் மாற்றியமைப்பதாலேயே பலருக்கு முச்சக்கர வண்டிச் செலவு இல்லாதொழியக்கூடும். இறுதியாக, வர வேண்டியிருந்தும் வாராதோர் எத்தனை பேர் என்பதைக் கிளினிக் பதிவேட்டைப் பொறுப்பாக வைத்திருப்போர் வாயிலாக அறிந்து தனிப்பத்தியிற் குறித்தல் வேண்டும். அப்பத்தி இல்லாத ஏடு முழுமையுற்ற ஏடன்று.

ஆசிரியர்க்கும் இதிற் கடமையுண்டு. மாணவன் எவ்வளவு காபன் குறைத்துக் காட்டினான் என்பதற்கு மாத்திரம் புள்ளியிடின், அவன் குறைத்துக் காட்டவே பழகுவான். யாருடைய பயணத்தை எண்ணினான், யாருடைய பயணத்தை எண்ணாது விட்டான், விட்டதற்கு என்ன நியாயங் கூறினான் என்பவற்றுக்கும் புள்ளியிடின் அவன் சிந்திக்கப் பழகுவான். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, துணைபுரிபவன் என்னும் நால்வகைப் பயணத்தையும் ஒரே ஏட்டில் எழுதி, பாரம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறியதா அல்லது மெய்யாகவே குறைந்ததா எனக் காட்டும் ஆய்வே பிராந்திய சுகாதார சேவைக்கு உதவுவதாகும். காற்றின் தூய்மையும் நோயாளியின் நலனும் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வன. மருத்துவம் மக்களுக்கு அருகில் வருமிடத்து இரண்டும் ஒருங்கே கைகூடும். அவை வழிபிரியும் இடங்களில் நோயாளியின் பக்கம் நிற்க மாணவனைப் பழக்குதல் கல்வியின் பொறுப்பாகும்.